சேமிப்பவரின் வாக்கு யாருக்கு?

திருவனந்தபுரம் மாநகரின் வடபகுதியில், கழக்கூட்டத்தில், தேசிய நெடுஞ்சாலையை ஒட்டி அமைந்துள்ளது டெக்னோபார்க். 1990ஆம் ஆண்டில் இ.கே.நாயனார் தலைமையிலான இடது ஜனநாயக முன்னணி அரசாங்கம் தொடங்கிய இந்நிறுவனம்தான் நாட்டின் முதல் தொழில்நுட்பப் பூங்கா. அரசுக்குச் சொந்தமான இவ்வளாகத்தில் இன்று எழுபதாயிரத்துக்கும் மேற்பட்டோர் பணிபுரிகின்றனர். கன்னியாகுமரி, திருநெல்வேலி மாவட்டங்களிலிருந்து வந்து வேலை செய்யும் தமிழ் இளைஞர்களும் இவர்களிடையே உண்டு.

கழக்கூட்டம் சட்டமன்றத் தொகுதி 2016லும் 2021லும் இடது ஜனநாயக முன்னணியைத் தேர்ந்தெடுத்தது. ஆனால் 2025 டிசம்பரில் நடந்த உள்ளாட்சித் தேர்தலில், கழக்கூட்டத்தையும் உள்ளடக்கிய திருவனந்தபுரம் மாநகராட்சியின் 101 இடங்களில் 50 இடங்களை பாஜக கைப்பற்றியது. பல பத்தாண்டுகளாக இடதுசாரிகளின் கையில் இருந்த மாநகராட்சி கைமாறியது. இத்தோல்விக்குக் காரணங்கள் பல. அவை தனியே ஆராயப்பட வேண்டியவை. அந்த ஆய்வில் விடுபட்டுவிடக் கூடாத ஒரு கேள்வி உண்டு. மாதச் சம்பளத்தில் ஒரு பகுதியை மியூச்சுவல் ஃபண்டிலும் பங்குகளிலும் போட்டுவரும் ஊழியர், எதைப் பார்த்து வாக்களிக்கிறார்?

கைபேசியில் தினமும் சென்செக்ஸைப் பார்க்கும் ஊழியரிடம் ஒரு கருத்து திட்டமிட்டு விதைக்கப்பட்டுள்ளது. சந்தை ஏறினால் நாடு முன்னேறுகிறது. நாடு முன்னேறினால் தானும் முன்னேறுவோம். ஆகவே சந்தை விரும்பும் கட்சிக்கே வாக்கு என்பதே அது. இக்கருத்தை எதிர்கொள்வது அவசியமாகும். முதலீட்டாளர் என்ற சொல்லைக் கேட்டதுமே முகத்தைத் திருப்பிக்கொள்வதால் அதைச் செய்ய இயலாது.

முதலீட்டாளர் என்ற ஒரே சொல்லுக்குள் இரண்டு வர்க்கங்கள் அடைக்கப்பட்டுள்ளன. ஒரு குழுமத்தின் பெரும்பான்மைப் பங்குகளை வைத்திருக்கும் முதலாளியும் முதலீட்டாளர்; மாதம் இரண்டாயிரம் ரூபாயை எஸ்ஐபி திட்டத்தில் கட்டும் ஊழியரும் முதலீட்டாளர். முன்னவர் பிறர் உழைப்பின் பயனைப் பெறுபவர். பின்னவர் தன் கூலியில் ஒரு பகுதியை, மகளின் படிப்புக்கும் தன் முதுமைக்கும் என ஒத்திவைத்திருப்பவர். தேசியப் பங்குச் சந்தையில் பதிவு செய்துள்ள முதலீட்டாளர்களின் எண்ணிக்கை 2024 ஆகஸ்டில் 10 கோடியைத் தாண்டியது. இவர்களில் மிகப் பெரும்பாலோர் இந்த இரண்டாம் வகையினரே.

பங்குச் சந்தைப் பக்கமே தலைவைத்துப் படுக்காத தொழிலாளியும் இன்று சந்தையில் சிக்கியிருக்கிறார். தொழிற்சங்கங்களின் எதிர்ப்பை மீறி, 2015 ஆகஸ்ட் முதல் வருங்கால வைப்பு நிதியின் ஒரு பகுதி பங்குச் சந்தையில் போடப்பட்டுவருகிறது. தொடக்கத்தில் 5 சதவீதமாக இருந்த வரம்பு பின்னர் 15 சதவீதமாக உயர்த்தப்பட்டது. இதற்குத் தொழிலாளியின் ஒப்புதல் கேட்கப்படவில்லை. அவருடைய பணத்தை எங்கே போடுவது என்று முடிவு செய்தது, அவருடைய வாக்கால் உருவான அரசாங்கம்தான்.

இனி, சந்தைக்கும் வாக்குக்கும் உள்ள உறவைப் பார்ப்போம். 2024 மக்களவைத் தேர்தலின்போது, ஜூன் 4க்கு முன் பங்குகளை வாங்கிக்கொள்ளுமாறு ஒன்றிய உள்துறை அமைச்சர் அமித் ஷா தொலைக்காட்சி நேர்காணலில் அறிவுரை கூறினார். வாக்குக் கணிப்புகள் பாஜகவுக்குப் பெரும் வெற்றி என்றன. ஜூன் 3 அன்று சென்செக்ஸ் 2,500 புள்ளிகளுக்கு மேல் ஏறியது. மறுநாள் பாஜக தனிப் பெரும்பான்மையை இழந்தது தெரிந்ததும் 4,390 புள்ளிகள் சரிந்தது. ஒரே நாளில் சுமார் 31 லட்சம் கோடி ரூபாய் சந்தை மதிப்பு கரைந்தது. ஆனால் ஜூன் 7 அன்றே குறியீட்டெண் பழைய உச்சத்தைத் தாண்டிவிட்டது. ஆட்சியாளரின் வாக்கை நம்பி ஜூன் 3 அன்று வாங்கி, பீதியில் ஜூன் 4 அன்று விற்ற சிறு சேமிப்பாளரின் நட்டம் மட்டும் நட்டமாகவே நின்றது.

இதற்கு 20 ஆண்டுகளுக்கு முன்பும் இதே பீதி கிளப்பப்பட்டது. இடதுசாரிகளின் ஆதரவோடு புதிய அரசாங்கம் அமையவிருந்த நிலையில், 2004 மே 17 அன்று சென்செக்ஸ் 11 சதவீதத்துக்கு மேல் சரிந்து 4,505 புள்ளிகளில் முடிந்தது. இடதுசாரிகளால் நாடே திவாலாகும் என்று ஆங்கில ஏடுகள் அலறின. நடந்தது என்ன? அந்த அரசாங்கம் இடதுசாரிகளின் ஆதரவில் இயங்கிக்கொண்டிருந்த 2008 ஜனவரியில் சென்செக்ஸ் 21,000ஐத் தொட்டது. அதே காலத்தில்தான் ஊரக வேலை உறுதிச் சட்டமும், தகவல் அறியும் உரிமைச் சட்டமும், வன உரிமைச் சட்டமும் வந்தன.

அவ்வாண்டுகளில் இடதுசாரிகள் எதைத் தடுத்தார்கள் என்பது இன்னும் முக்கியமானது. காப்பீட்டுத் துறையில் அந்நிய முதலீட்டு வரம்பை 26 சதவீதத்திலிருந்து 49 சதவீதமாக உயர்த்தும் முயற்சியைத் தடுத்தார்கள். ஓய்வூதிய நிதியைத் தனியாருக்கும் அந்நியருக்கும் திறந்துவிடும் மசோதாவைத் தடுத்தார்கள். பொதுத்துறை வங்கிகளைத் தனியார்மயமாக்குவதைத் தடுத்தார்கள். 2008 செப்டம்பரில் அமெரிக்காவில் லேமன் பிரதர்ஸ் வங்கி வீழ்ந்தபோது இந்தியப் பங்குச் சந்தையும் சரிந்தது உண்மை. ஆனால் ஸ்டேட் வங்கியில் வைப்புத்தொகை வைத்திருந்தவரும் எல்ஐசியில் பாலிசி எடுத்திருந்தவரும் ஒரு ரூபாயைக்கூட இழக்கவில்லை. சந்தை யாரைக் கண்டு அஞ்சியதோ, அவர்களே சேமிப்பவரின் முதலைக் காத்து நின்றனர்.

கேரள மண்ணுக்கு இப்பாடம் புதிதல்ல. 1937இல் திருவாங்கூர் நேஷனல் வங்கியும் கொல்லம் வங்கியும் இணைந்து, தென்னிந்தியாவின் பெரிய வங்கிகளுள் ஒன்று உருவாயிற்று. மறு ஆண்டு ஜூன் மாதத்தில் அது வீழ்ந்து, கலைக்கப்பட்டது. திருவாங்கூரிலும் சென்னை மாகாணத்திலும் இருந்த ஏராளமான குடும்பங்களின் சேமிப்பு முடங்கியது. வங்கியின் தலைவர்கள் சிறையில் அடைக்கப்பட்டனர். அவ்வங்கியை நடத்தியவர்கள் பொறுப்பாட்சி கோரிய அரசியலுக்கு ஆதரவாக இருந்ததால் திவான் சி.பி.ராமசாமி ஐயர் பழிவாங்கினார் என்று அன்றே பரவலாகக் குற்றம்சாட்டப்பட்டது. வங்கி நிர்வாகத்தின் குறைகள் எத்தகையவையாக இருந்தாலும், ஓர் உண்மை மறுக்க முடியாதது. பணத்தைப் பறிகொடுத்த திருவாங்கூர்க் குடிமக்களால் திவானைக் கேள்வி கேட்கவோ, வாக்களித்து வீட்டுக்கு அனுப்பவோ இயலவில்லை. அதே 1938இல்தான் திருவாங்கூர் ஸ்டேட் காங்கிரஸ் தோன்றி, பொறுப்பாட்சியையும் வயதுவந்தோர் அனைவருக்கும் வாக்குரிமையையும் கோரிப் போராடியது.

1960இல் பாலா சென்ட்ரல் வங்கி வீழ்ந்தபோது நிலைமை வேறாக இருந்தது. அப்போது நாட்டில் நாடாளுமன்றம் இருந்தது, வாக்குரிமை இருந்தது. மக்களின் கொந்தளிப்பு சட்டமாக மாறியது. 1962 ஜனவரி 1 முதல் வைப்புத்தொகைக் காப்பீட்டுக் கழகம் செயல்படத் தொடங்கியது. முதலில் 1,500 ரூபாயாக இருந்த பாதுகாப்பு இன்று 5 லட்சம் ரூபாய். 1969 ஜூலையில் 14 பெரிய வங்கிகள் நாட்டுடைமையாக்கப்பட்டன. இன்று வங்கியில் பணம் போட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்கும் எவரும், அந்த நிம்மதி சந்தையிலிருந்து வந்ததன்று, வாக்குப்பெட்டியிலிருந்து வந்தது என்பதை நினைவில் கொள்ள வேண்டும்.

வாக்குப்பெட்டியிலிருந்து வந்த பாதுகாப்பு, வாக்குப்பெட்டியின் வழியாகவே பறிபோகவும் கூடும். வாஜ்பாய் ஆட்சியில், 2001 ஜூலையில், யூனிட் டிரஸ்டின் யூஎஸ்-64 திட்டத்திலிருந்து பணத்தைத் திரும்பப் பெறுவது நிறுத்தப்பட்டபோது, ஓய்வூதியக்காரர்கள் பட்ட பாட்டை ஐம்பது வயதைக் கடந்தவர்கள் அறிவார்கள். மோடி ஆட்சியில் அப்பாதை நெடுஞ்சாலையாகிவிட்டது. காப்பீட்டில் அந்நிய முதலீட்டு வரம்பு 2015இல் 49, 2021இல் 74, 2025 டிசம்பரில் 100 சதவீதம் என உயர்த்தப்பட்டது. எல்ஐசியின் 3.5 சதவீதப் பங்குகள் 2022 மே மாதத்தில் 949 ரூபாய் விலையில் விற்கப்பட்டன. பாலிசிதாரருக்குத் தள்ளுபடி என்று ஆசை காட்டப்பட்டது. சந்தையில் பட்டியலான முதல் நாளிலேயே விலை 900 ரூபாய்க்குக் கீழே இறங்கியது.

வரி விதிப்பிலும் இதே கதைதான். 2019 செப்டம்பர் 20 அன்று கார்ப்பரேட் வரி 30 சதவீதத்திலிருந்து 22 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. ஆண்டுக்கு 1.45 லட்சம் கோடி ரூபாய் வருவாய் இழப்பு என்று அரசே கணக்கிட்டது. அன்று சென்செக்ஸ் 1,900 புள்ளிகளுக்கு மேல் துள்ளியது. சிறு முதலீட்டாளரும் மகிழ்ந்தார். 2024 ஜூலையில் வந்த பட்ஜெட்டோ, பங்குகளை விற்றுப் பெறும் நீண்டகால ஆதாயத்தின் மீதான வரியை 10 சதவீதத்திலிருந்து 12.5 ஆகவும், குறுகியகால ஆதாயத்தின் மீதான வரியை 15 சதவீதத்திலிருந்து 20 ஆகவும் உயர்த்தியது. அதே பட்ஜெட்டில் அந்நியக் கம்பெனிகளின் வரி 40 சதவீதத்திலிருந்து 35 ஆகக் குறைந்தது. யாரிடமிருந்து எடுத்து யாருக்குக் கொடுக்கிறார்கள் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுமா?

தேர்தல் பத்திரம் இன்னொரு சான்று. 2013ஆம் ஆண்டு கம்பெனிச் சட்டப்படி, ஒரு கம்பெனி மூன்றாண்டுச் சராசரி நிகர லாபத்தில் 7.5 சதவீதம் வரையே அரசியல் கட்சிகளுக்கு நன்கொடை தர முடியும்; எந்தக் கட்சிக்கு என்பதையும் கணக்கில் காட்ட வேண்டும். 2017இல் மோடி அரசாங்கம் இவ்விரண்டு கட்டுப்பாடுகளையும் நீக்கியது. தான் பங்கு வைத்திருக்கும் கம்பெனியின் பணம் எந்தக் கட்சியின் கருவூலத்துக்குப் போகிறது என்று பங்குதாரருக்கே தெரியாத நிலை உருவாக்கப்பட்டது. மார்க்சிஸ்ட் கட்சியும் மற்றவர்களும் தொடுத்த வழக்கில், 2024 பிப்ரவரி 15 அன்று உச்சநீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் ஒருமனதாக இத்திட்டத்தை ரத்து செய்தனர். கம்யூனிஸ்ட் கட்சிகள் இப்பத்திரங்களின் வழியே ஒரு ரூபாயும் பெறவில்லை. சிறு பங்குதாரரின் உரிமைக்காக நீதிமன்றம் சென்றவர்கள், சந்தைக்கு எதிரிகள் என்று தூற்றப்படும் இடதுசாரிகள் என்பதை டெக்னோபார்க் ஊழியரிடம் எத்தனை பேர் எடுத்துச் சொல்லியிருக்கிறோம்?

சந்தையை ஒழுங்குபடுத்தும் செபியின் தலைவரை நியமிப்பதும் ஒன்றிய அரசாங்கமே. எஃப் அண்ட் ஓ என்று அழைக்கப்படும் முன்பேர வர்த்தகத்தில் இறங்கிய தனிநபர்களில் 93 சதவீதத்தினர், 2022 முதல் 2024 வரையிலான மூன்று நிதியாண்டுகளில் பணத்தை இழந்தனர் என்று செபியின் ஆய்வே கூறுகிறது. இழந்த மொத்தத் தொகை 1.8 லட்சம் கோடி ரூபாய்க்கும் அதிகம். வேலையின்மையாலும் தேங்கிய சம்பளத்தாலும் துரத்தப்பட்ட இளைஞர்கள், விரைவில் பணம் பண்ணும் ஆசையில் இந்தச் சூதாட்டத்தில் விழுந்தனர். எச்சரிக்கை வாசகம் அச்சிடுவதோடு கடமை முடிந்தது என்றிருக்கும் ஆட்சியா, சிறியவரைக் காக்கும் விதிகளை வகுக்கும் ஆட்சியா என்பது வாக்காளர் தீர்மானிக்க வேண்டியது.

உழைப்பாளியும் முதலீட்டாளரும் ஒரே ஆளுக்குள் இருக்கும்போது எந்தப் பக்கம் கனமானது? டிசிஎஸ் நிறுவனத்தின் 2025ஆம் ஆண்டுக் கணக்கைப் பாருங்கள். ஜூலை 10 அன்று அந்நிறுவனம் காலாண்டு நிகர லாபம் 12,760 கோடி ரூபாய் என்றும், பங்கு ஒன்றுக்கு 11 ரூபாய் ஈவுத்தொகை என்றும் அறிவித்தது. அதே மாதம் 27ஆம் தேதி, 12,000க்கும் மேற்பட்ட ஊழியர்கள் நீக்கப்படுவார்கள் என்ற செய்தி வந்தது. மூன்று லட்சம் ரூபாய்க்கும் மேல் போட்டு 100 பங்குகள் வாங்கி வைத்திருந்த ஊழியருக்கு அக்காலாண்டில் கிடைத்த ஈவுத்தொகை 1,100 ரூபாய். வேலை போனால் இழப்பது மாதச் சம்பளம் முழுவதும். 2020ஆம் நிதியாண்டுக்கும் 2023ஆம் நிதியாண்டுக்கும் இடையே கார்ப்பரேட் லாபம் ஏறத்தாழ நான்கு மடங்காகியும், வேலைவாய்ப்பும் ஊதியமும் அதற்கு ஈடாக வளரவில்லை என்று ஒன்றிய அரசின் பொருளாதார ஆய்வறிக்கையே 2024இல் ஒப்புக்கொண்டது. இந்நிலையில்தான் 2025 நவம்பர் 21 அன்று நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்குக் கொண்டுவரப்பட்டன. குறிப்பிட்ட கால வேலை என்ற பெயரில் நிரந்தரப் பணி என்பதே கனவாக்கப்படுகிறது. வேலை நிலையற்றதாகும்போது, எஸ்ஐபி தவணை எங்கிருந்து வரும்?

கழக்கூட்டத்துக்கு அருகிலுள்ள விமான நிலையமே கண்முன் நிற்கும் உதாரணம். திருவனந்தபுரம் விமான நிலையத்துக்கான ஏலத்தில் அதானி நிறுவனம் பயணி ஒருவருக்கு 168 ரூபாய் தருவதாகவும், கேரள அரசின் நிறுவனம் 135 ரூபாய் தருவதாகவும் கேட்டன. பொது நிலத்தில், மக்கள் பணத்தில் வளர்ந்த நிலையத்தைத் தனியாருக்குத் தாரை வார்க்கக் கூடாது என்று கேரள சட்டமன்றம் 2020 ஆகஸ்டில் தீர்மானம் நிறைவேற்றியது. ஒன்றிய அரசு செவிசாய்க்கவில்லை. 2021 அக்டோபரில் நிலையம் கைமாறியது. 2024 ஜூலை முதல், உள்நாட்டுப் பயணி புறப்படும்போது செலுத்தும் பயனர் கட்டணம் 506 ரூபாயிலிருந்து 770 ஆக உயர்ந்தது. வந்திறங்குபவருக்கும் 330 ரூபாய் விதிக்கப்பட்டது. அந்தக் குழுமத்தின் பங்கை வைத்திருப்பவரும் இந்தக் கட்டணத்தைக் கட்டியே ஆக வேண்டும்.

இந்த அளவுகோலை மற்றவர்களுக்கு மட்டும் வைப்பது நேர்மையாகாது. திருச்சூர் மாவட்டத்தின் கருவன்னூர் கூட்டுறவு வங்கி, இடதுசாரிகளின் நிர்வாகத்தில் இருந்தது. 2021இல் அங்கு வெளிப்பட்ட முறைகேடு, கட்சியை நம்பிப் பணம் போட்ட எளிய மக்களைப் பரிதவிக்க வைத்தது. ஒன்றிய புலனாய்வு அமைப்புகளின் அரசியல் நோக்கத்தைச் சுட்டிக்காட்டுவது சரியே. ஆனால், சிகிச்சைக்குத் தன் பணத்தைக் கேட்டு வங்கி வாசலில் நின்றவருக்கு அது பதிலாகாது. அதே கேரளத்தில், 1969இல் தொடங்கப்பட்ட அரசு நிறுவனமான கேஎஸ்எஃப்இ, சீட்டுத் தொழிலை அரசின் பொறுப்பில் நடத்திவருகிறது. தமிழ்நாட்டில் தனியார் சீட்டு நிறுவனங்களிடமும் நகைத் திட்டங்களிடமும் ஏமாந்தவர்கள் காவல் நிலையங்களில் வரிசையில் நிற்பதோடு இதை ஒப்பிட்டுப் பார்க்கலாம். பொது நிறுவனம் வேண்டும். அது தூய்மையாக, தணிக்கைக்கு உட்பட்டு நடத்தப்படவும் வேண்டும். இரண்டையும் சேர்த்துச் சொல்பவர்களையே மக்கள் நம்புவார்கள்.

கம்பெனியின் பொதுக்கூட்டத்தில் ஒரு பங்குக்கு ஒரு வாக்கு. நூறு பங்கு வைத்திருப்பவரின் குரல், கோடிக்கணக்கான பங்குகளை வைத்திருப்பவரின் முன் கேட்பதேயில்லை. மியூச்சுவல் ஃபண்ட் வழியே முதலீடு செய்தவருக்கு அந்த ஒரு வாக்கும் கிடையாது. அவருக்காக ஃபண்ட் நிறுவனமே வாக்களிக்கிறது. வாக்குச்சாவடியில் மட்டுமே, குழுமத்தின் முதலாளிக்கும் அவருடைய ஊழியருக்கும் ஆளுக்கு ஒரு வாக்கு. செல்வத்தின் எடை செல்லாத அந்த ஓரிடத்தில் போய், முதலாளியின் கண்ணாடியை அணிந்துகொண்டு வாக்களிப்பது முதலுக்கே மோசம் விளைவிப்பதாகும்.

ஆகவே சேமிப்பவர்கள் வேட்பாளர்களிடம் கேட்க வேண்டிய கேள்விகள் தெளிவானவை. என் வங்கியும் காப்பீடும் பொதுத்துறையில் நிலைக்குமா? என் வருங்கால வைப்பு நிதியைச் சந்தையின் ஏற்ற இறக்கத்துக்கு மேலும் ஒப்படைப்பீர்களா? 2014இலிருந்து ஆயிரம் ரூபாயிலேயே நிற்கும் குறைந்தபட்ச வருங்கால நிதி ஓய்வூதியத்தை உயர்த்தப் பேசுவீர்களா? உங்கள் கட்சிக்கு நிதி தந்த நிறுவனங்கள் எவை? எட்டு மணி நேர வேலைக்கும் வேலைப் பாதுகாப்புக்கும் சட்டம் உண்டா? அரசு மருத்துவமனையும் அரசுப் பள்ளியும் வலுப்பெறுமா? நல்ல அரசு மருத்துவமனை இருக்கும் ஊரில்தான் சேமிப்பு சேமிப்பாகவே நிற்கும். இல்லாத ஊரில் பத்தாண்டு எஸ்ஐபியை ஒரு வாரத் தீவிர சிகிச்சை விழுங்கிவிடும்.

இக்கேள்விகளை ஊழியர்களிடையே கொண்டு செல்லும் பொறுப்பு தோழர்களுடையது. கழக்கூட்டத்திலும் ஸ்ரீகாரியத்திலும், சென்னையின் பழைய மாமல்லபுரம் சாலையிலும், கோவையின் தொழில்நுட்பப் பூங்காக்களிலும் வாடகை வீடுகளில் வாழும் இளைஞர்களிடம் முதலில் கேட்க வேண்டியது, உங்கள் பெயர் எந்த ஊர் வாக்காளர் பட்டியலில் இருக்கிறது என்பதையே. வழக்கமாக வசிக்கும் இடத்தில் பெயரைச் சேர்த்துக்கொள்ளச் சட்டம் இடமளிக்கிறது. வாக்குப்பதிவு நாளில் சம்பளத்துடன் விடுமுறை அளிக்க வேண்டும் என்பது மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 135பி பிரிவு. தனியார் நிறுவனங்களும் இதற்குக் கட்டுப்பட்டவையே. விடுமுறை மறுக்கப்படும் இடத்தில் அதைப் பெற்றுத் தருவதிலிருந்து உரையாடலைத் தொடங்கலாம்.

அவருடைய சேமிப்பைக் கேலி செய்து எவரையும் வென்றெடுக்க இயலாது. அது அவருடைய உழைப்பின் எஞ்சிய பகுதி. அதைக் காக்கும் அரசியல் எது, கரைக்கும் அரசியல் எது என்பதை, கணக்கோடும் பொறுமையோடும் அவருக்கு எடுத்துக்காட்ட வேண்டும். உழைப்பவரையும் சேமிப்பவரையும் எதிரெதிரே நிறுத்த முயலும் சக்திகளுக்கு அதுவே தக்க பதிலாக அமையும்.